மினுங்கக் கூடாத தகடுகள்

மூலைத் தகட்டுக்கு அடியில் விரலை விட்டபோது மெத்தென்று ஏதோ பட்டது. சின்னவன் வெளியே இழுத்துப் பார்த்தான். எவனோ மென்று ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம். வெளிப்பக்கம் காய்ந்து கல்லாகியிருந்தது. உள்ளே இன்னும் பிசுபிசுப்பு. நடுவில் ஒரு கட்டைவிரல் நகத் துண்டு பிறை மாதிரி பதிந்திருந்தது. விரலைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்த பிறகுதான் அது தன்னுடைய கால்சட்டை என்பது உறைத்தது.

க்ளப்பில் இருந்த ஆறு பூல் மேசைகளில் இதுதான் மிகப் பழையது. துணிக்கு அடியில் கல் பலகை போட்டது, எட்டுப் பேர் சேர்ந்தாலும் அசையாது. மரச் சட்டத்தின் விளிம்பைச் சுற்றி அலுமினியம் ஓடியது. ஆறு குழிகளுக்கு ஆறு தகடுகள், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஆறு நீளப் பட்டைகள், ஆக பன்னிரண்டு உருப்படி. அலுமினியம் என்று சொன்னால்தான் தெரியும். பார்வைக்கு வெறும் பழுப்பு. நாற்பது வருடமாகச் சாய்ந்து நின்றவர்களின் உள்ளங்கை வியர்வை, சிகரெட் புகை, தலையெண்ணெய், சிந்திய குளிர்பானம், கோல் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்குப் பொடி எல்லாம் சேர்ந்து தோல் மாதிரி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக உரிந்து வந்தது. மோந்து பார்க்கவே வேண்டாம், அதுவாகவே மூக்குக்குள் வந்தது. அழுக்குத் துணியை வாளியில் ஒரு வாரம் ஊறவைத்து மறந்துவிட்டால் வருகிற வாடை.

க்ளப்பின் செயலாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். இவ்வளவா உள்ளே இருந்தது என்று கேட்டார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரன் கொண்டுவந்து கொட்டியதைப்போல. உறுப்பினர்கள் எல்லாம் வக்கீல், டாக்டர், பெரிய கம்பெனி ஆட்கள். வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, மடிப்புக் கலையாமல் போகிறவர்கள். மூக்கை நோண்டி எங்கே துடைத்தார்கள் என்பது சின்னவனுக்கு மட்டும்தான் தெரிந்தது. நடுக் குழித் தகட்டின் அடிப்பக்கம் முழுக்க அதுதான்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருமுறை ஓங்கரித்துவிட்டு, அடுத்த திருகைக் கழற்றினான்.

அப்போதுதான் செயலாளர் அந்தப் பேச்சை எடுத்தார். மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் கண் தெரியாமல் போய் வேலையை விட்டு நின்றுவிட்டாராம். துணி மாற்ற, மட்டம் பார்க்க, கோல் சீவ, தகடு துடைக்க ஓர் ஆள் வேண்டுமாம். பகல் வேலை, மாதச் சம்பளம். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"இந்த ஒரு மேசைய முடிச்சுக் குடு. பழையபடி இருக்கணும், அவ்வளவுதான் கேக்குறேன். அப்புறம் ஆறு மேசையும் உன் பொறுப்பு."

சின்னவன் தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்தால் சந்தோஷம் வெளியே தெரிந்துவிடும் என்று பயம். கீழே வண்டியை நிறுத்திவிட்டுப் பெரியவர் படியேறி வருகிற சத்தம் கேட்டது. செயலாளர் பேச்சை மாற்றவில்லை. பேச்சு முடிந்திருந்தது. சின்னவன்தான் மாற்றினான், திருகெல்லாம் துருப்பிடித்திருக்கிறது என்று.

பெரியவரும் சின்னவனும் சகலைகள். அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மாமியார் இருந்தவரை ஒருவரைப் பெரிய மாப்பிள்ளை, மற்றவரைச் சின்ன மாப்பிள்ளை என்று கூப்பிட, தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. மாமியார் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. சின்ன மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு வயது, முன்பல் ஒன்று இல்லை, இன்னும் சின்ன மாப்பிள்ளைதான். அவர்கள் நடத்திய உலோகப் பாலிஷ் பட்டறையை ஊரே 'மாப்பிள்ளைக் கடை' என்றது. புதிதாக வருகிற ஆட்கள் கல்யாணத் துணி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பட்டறையில் வேலை பிரிந்திருந்தது. அழுக்கு எடுப்பது, காஸ்டிக் சோடா கரைத்த தொட்டியில் முக்குவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது எல்லாம் சின்னவன். கடைசியாகத் துணிச் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடியாக்குவது பெரியவர். அந்தக் கடைசி அரை மணி நேரத்தில்தான் பேர் இருந்தது. சக்கரத்திலிருந்து எடுத்ததும் பெரியவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுப்பார். உருப்படியில் முகத்தைப் பார்த்துத் தலையை வாருவார். வாருவதற்கு மேலே ஒன்றும் கிடையாது, உட்கார்ந்து எண்ணிவிடலாம். ஆனாலும் வகிடு தெரிகிறவரை உருப்படி வாசலைத் தாண்டாது. குழாய், கைப்பிடி, வண்டியின் முன்கம்பி, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால், எது வந்தாலும் சீப்பு. வாடிக்கைக்காரர்கள் அதை வேடிக்கை பார்க்கவே நிற்பார்கள். "பெரிய மாப்பிள்ள கை பட்டா போதும்" என்பார்கள். சின்னவன் தொட்டிப் பக்கம் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பான்.

வீடும் ஒன்றுதான். எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை. பெரியவர் முதலில் போவார். அவர் வெளியே வந்த பிறகு சோப்பில் முடி இருக்கும், முகம் கழுவும் தொட்டியில் கறுப்புக் கோழை இருக்கும். சக்கரத் தூசியை மூக்கால் குடிக்கிறவனுக்குச் சளி கறுப்பாகத்தான் வரும். சின்னவன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தன்னுடையதைத் துப்புவான். அதுவும் கறுப்பு. யாருடையது யாருடையது என்று தெரியாத மாதிரி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து குழிக்குள் இறங்கும். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் இப்படித்தான் விடிந்தது. அந்தச் சுவரை விட்டு, அந்தச் சக்கரத்தை விட்டு, சீப்பைப் பார்க்காத ஓர் இடத்தில் நின்று வேலை செய்தால் போதும் என்று அவனுக்கு இருந்தது. அந்த இடத்துக்கு இப்போது ஒரு பேரும் கிடைத்துவிட்டது.

தகடுகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்த அன்று மத்தியானம் ஒன்றைக் கண்டுபிடித்தான். மூலைத் தகட்டின் ஓரம் ஒரு விரல் அகலம் மரத்துக்கு உள்ளே செருகியிருந்த பகுதி. கை படாத, புகை படாத இடம். அங்கே அலுமினியம் புதிதாக அப்படியே இருந்தது. ஆனால் அது மினுங்கவில்லை. முடியை விட மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில், மழை பெய்து ஓய்ந்த வானம் மாதிரி ஒரு மங்கல். செய்தவன் வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறான்.

ஏன் என்று யோசித்துக்கொண்டே மறுநாள் க்ளப்புக்குப் போய், விட்டுப்போன இரண்டு திருகுகளைத் தேடுகிற சாக்கில் மேசை அருகே நின்றான். மேசைக்கு நேர் மேலே நீளமான விளக்கு தொங்கியது. போட்டுப் பார்த்தான். தன் எஃகு அளவுகோலை மூலையில் வைத்துவிட்டு, எதிர் முனையில் ஆட்டக்காரன் குனிகிற மாதிரி குனிந்தான். வெளிச்சம் ஊசி மாதிரி கண்ணுக்குள் இறங்கியது. குழி எங்கே என்றே தெரியவில்லை. அளவுகோலை எடுத்துவிட்டுக் குனிந்தான். குழி தெரிந்தது.

அவ்வளவுதான் விஷயம். பழையபடி என்றால் மங்கலாக.

பெரியவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். முதலில் சிரிப்பார். அப்புறம் சாயங்காலம் டீக்கடையில், "மேசைத் தகடுன்னா மங்கலாதான்யா விடணும், இல்லேன்னா லைட்டு கண்ண குத்தும்" என்று தான் பிறந்ததிலிருந்தே அறிந்த மாதிரி எடுத்துவிடுவார். மறுநாள் செயலாளரிடமும் அதையே. இந்த ஒன்றையாவது அவர் வாயில் போடக் கூடாது என்று சின்னவன் முடிவு செய்தான். வேலையைப் பற்றியும் சொல்லவில்லை.

நான்கு நாள் தேய்த்தான். முதல் நாள் காஸ்டிக். தண்ணீரில் கலந்து தகட்டை இறக்கியதும் தொட்டி சீறியது. நாற்பது வருடத்து வியர்வையும் எண்ணெயும் நுரையாகப் பொங்கி மேலே வந்தது, சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி. நுரையில் முடி மிதந்தது. சிகரெட் தூள் மிதந்தது. பாதிக் கரைந்த ஒட்டுப்பிளாஸ்திரி ஒன்று மிதந்தது, நடுவில் பழைய ரத்தத்தின் வட்டத்தோடு. கம்பியால் அதைத் தூக்கி எறிந்தான். தொட்டியில் அதிக நேரம் விட்டால் அலுமினியத்தையே தின்றுவிடும். அதனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடவும் முடியாது, பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, அப்படியே மூடிவிட்டான்.

தொட்டியிலிருந்து வந்த தகடுகள் கன்னங்கரேலென்று இருந்தன. கழுவி, கறுப்பைத் துடைத்து, பள்ளம் விழுந்த இடங்களைச் சொரசொரப்பான தாளில் சமமாக்கி, அப்புறம் நைசான தாள், அதற்கப்புறம் மண்ணெண்ணெயில் நனைத்த நைலான் நார். கடைசிக் கட்டம்தான் உயிரை எடுப்பது. ஒவ்வொரு இழுப்பும் நுனியிலிருந்து நுனிவரை, ஒரே திசை, ஒரே அழுத்தம். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் தழும்பு மாதிரி தெரியும். திரும்பி வரக் கூடாது. கையைத் தூக்கி மறுபடி தொடக்கத்திலிருந்து. தோள்பட்டை இரண்டாம் நாளே போய்விட்டது. நான்காம் நாள் பன்னிரண்டும் முடிந்து பலகையில் வரிசையாக இருந்தபோது, அவற்றில் யாருடைய முகமும் தெரியவில்லை. அதை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அருவருப்பில்லாமல் ஒரு பொருளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. இல்லாத பல்லுக்குப் பக்கத்துப் பல்லும் கிளம்பத் தயாராக இருந்தது. பிடுங்கிவிட்டு, வாயில் பஞ்சோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான். சாயங்காலம் மனைவி கஞ்சியை வைத்துவிட்டு, மாமா இன்னும் பட்டறையிலிருந்து வரவில்லை, உங்க வேலையை அவர் பார்க்கிறாராம் என்றாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு அவன் ம் என்றான். வலியில் அது எந்த வேலை என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பட்டறைக் கதவைத் தள்ளியதும் கண்ணைக் கூசியது.

பன்னிரண்டும் மினுங்கின. ஆறு தகடும் ஆறு பட்டையும் கண்ணாடியாக, தண்ணீராக, நகைக்கடை மாதிரி மினுங்கின. கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. பெரியவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் கரி, கண் மட்டும் சிவப்பாக. வாயெல்லாம் பல். காதுக்குள்ளிருந்தும் கறுப்புப் பசை எட்டிப் பார்த்தது. கோடு கோடாக அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தானே, பல் வலியோடு கையும் விட்டுப்போச்சு போலிருக்கு என்று நினைத்தாராம். பாவம், அவன் படுத்திருக்கட்டும் என்று தானே உட்கார்ந்து முடித்துவிட்டாராம்.

"எப்படி?" என்று கேட்டுவிட்டு ஒரு மூலைத் தகட்டைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். வீங்கிய கன்னத்தோடு, சவரம் செய்யாத ஒரு முகம் அதில் தெரிந்தது.

சின்னவன் அப்போது சொல்லியிருக்கலாம். டெலிவரிக்குச் சாயங்காலம்வரை நேரம் இருந்தது. நைலான் நாரை எடுத்து உட்கார்ந்தால் குழித் தகடுகள் ஆறையாவது மங்கலாக்கிவிடலாம். பட்டைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதெல்லாம் மனதில் கணக்காக ஓடியது. கணக்கு ஓடிய அதே நேரத்தில் இன்னொன்றும் ஓடியது. அந்த விளக்கு. அதன் அடியில் இந்த மனிதர்.

"நல்லாருக்கு அண்ணே" என்றான்.

சொன்னதும் பல் பிடுங்கிய குழியிலிருந்து ரத்தம் கசிந்தது. அதை விழுங்கினான்.

பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றியது அவன்தான். கைரேகை படாமல், குழந்தையைத் துணியில் சுற்றுகிற மாதிரி சுற்றினான். பெரியவர் பாராட்டினார், இவ்வளவு பொறுப்பாக நீ எதையும் கட்டியதில்லை என்று.

க்ளப்பில் பகல் வெளிச்சம் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்ததால் விளக்கு போடாமல் இருந்தது. சின்னவன் திருகுகளை முடுக்கினான். பெரியவர் மேசையைச் சுற்றி வந்து மெல்லிய துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். செயலாளர் வந்தார், பின்னாலேயே தினமும் மத்தியானம் ஆட வருகிற வக்கீல். இருவரும் ஆஹா என்றார்கள். மேசை அழுக்கு உரித்துப் பிறந்த மாதிரி இருந்தது. வக்கீல் தன் மீசையைத் தகட்டில் பார்த்துக்கொண்டார். பெரியவர் அதற்காகவே காத்திருந்த மாதிரி சீப்பை எடுத்து வாரினார். இருவரும் சிரித்தார்கள்.

யார் செய்தது என்று செயலாளர் கேட்டார். கண் சின்னவன் மேல் இருந்தது.

"சுத்தம் பண்றது இவன் சார்," என்றார் பெரியவர். "பளபளப்பு எல்லாம் என் கை. ஊருக்கே தெரியும்."

செயலாளரின் கண் இடம் மாறியது. சின்னவன் அதைப் பார்த்தான். கோபம்கூட வரவில்லை. சுவருக்குப் போய், "ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்களேன் சார்" என்று சொல்லிக்கொண்டே, யாரும் கேட்காமல் அவனே விளக்கைப் போட்டான்.

மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு இடத்தில் நெருப்புப் பிடித்த மாதிரி இருந்தது. சுவரில், கூரையில், வக்கீலின் வெள்ளைச் சட்டையில் எல்லாம் வெளிச்சத் திட்டுகள். வக்கீல் கோலை எடுத்துக் குனிந்தார். நிமிர்ந்தார். இடம் மாறிக் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து ஒரு பந்தை அடித்தார். பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி மோதித் திரும்பியது. கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, இதில் எப்படி ஆடுவது என்று கேட்டார்.

செயலாளரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"என்னய்யா இது? பூல் மேசையா, முடி வெட்டுற கடையா?"

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. கையில் சீப்பு அப்படியே இருந்தது. இனி நடக்கப்போவதைச் சின்னவன் பட்டறையிலேயே ஒத்திகை பார்த்திருந்தான். அவர் தன் பக்கம் கையை நீட்டுவார். இவன்தான் சார் சொன்னான், இவன் வேலைதான் சார் என்பார். அப்போது சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: நாலு நாள் மங்கலாகத் தேய்த்து வைத்தேன் சார், அதை அழித்தது இவர். அந்த வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றான்.

பெரியவர் கையை நீட்டவில்லை.

"தப்பு என்னோடதுதான் சார்," என்றார். குரல் சின்னதாக இருந்தது. "லைட்ட யோசிக்கல. இவன் கோடு போட்டுதான் வெச்சிருந்தான். நான்தான் தெரியாம எல்லாத்தையும் சக்கரத்துல ஏத்திட்டேன்."

தயாராக வைத்திருந்த வாக்கியம் சின்னவன் வாயில் அப்படியே கிடந்தது, யாரோ மென்று கொடுத்த மாதிரி.

அதோடு பெரியவர் நிறுத்தியிருந்தால் தேவலை. ஆனால் அவர் பெரியவர் ஆயிற்றே. சாம்பல் நிற பெயிண்டை ஸ்ப்ரே பண்ணிவிடலாம் சார், அரை மணி நேர வேலை, யாருக்கும் தெரியாது என்று ஆரம்பித்தார். செயலாளர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அப்புறம் சின்னவனைப் பார்த்துக் கேட்டார், உனக்குத் தெரிந்திருந்தும் நீ ஏன் இவரிடம் சொல்லவில்லை என்று.

"அவர் மூத்தவர் சார்," என்றான் சின்னவன்.

எப்படி அது வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. குழைந்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து. செயலாளர் முகம் இளகியது. மரியாதை தெரிந்தவன் என்று வக்கீலிடம் மெதுவாகச் சொன்னார். பெரியவர் சின்னவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நைலான் நார் அவன் பையில் இருந்தது. காலையில் வண்டியில் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொண்டதுதான். ஒரு மூலைத் தகட்டை மேசையிலேயே வைத்து, துணியில் தூள் விழாமல் செய்தித்தாள் விரித்து, நுனியிலிருந்து நுனிவரை இழுத்தான். இருபது இழுப்பில் மினுக்கு செத்தது. வக்கீல் அந்தக் குழியைப் பார்த்துக் குனிந்து அடித்தார். பந்து உள்ளே போய் விழுந்தது. அப்படிப் போடு என்றார்.

மீதி பதினொன்றையும் நாளைக்கு வந்து இங்கேயே வைத்து முடித்துவிடு என்று செயலாளர் சொன்னார். ஒன்றாம் தேதியிலிருந்து வந்துவிடு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஆனால் பெரியவர் காதில் விழுகிற அளவுக்கு, அந்த ஆள் கை இனி எந்த மேசையிலும் படக் கூடாது என்றார். சின்னவன் சரி சார் என்றான். பெரியவர் சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்து வைக்கிறேன் என்று கீழே இறங்கினார். படியில் அவர் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

வண்டி இரண்டு சிக்னலைத் தாண்டியது. வண்டிக்குள் பாலிஷ் சோப்பின் வாடையும் பெரியவரின் வியர்வை வாடையும் கலந்து அடித்தது. சின்னவன் சன்னலை இறக்கினான். வெளிப் புகை உள்ளே வந்தது. மறுபடி ஏற்றினான்.

"அந்த நார எப்ப பையில வெச்ச?" என்று கேட்டார் பெரியவர்.

சின்னவன் பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தான். சலிப்பாக இருந்தது.

"காலையில."

"அப்ப காலையிலயே தெரியும்."

"தெரியும்."

"வேலை?"

"அது போன வாரமே."

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண் ரோட்டிலேயே இருந்தது. காதுக்குள் இருந்த கறுப்புப் பசை காய்ந்து வெடித்திருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா அது உங்க பேச்சாயிடும்."

அதற்குக் கத்துவார் என்று சின்னவன் எதிர்பார்த்தான். கத்தினால் தேவலை என்று இருந்தது. பெரியவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

"ஆமா," என்றார். "ஆயிடும்தான்."

அதற்குப் பிறகு அவர் காஸ்டிக் தொட்டிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசினார். மூக்கு செத்த ஆளாகப் பார்க்க வேண்டும் என்றார். அவரே சிரித்தும் கொண்டார். சின்னவனுக்குச் சிரிக்க வரவில்லை. கன்னம் வீங்கியிருந்ததும் ஒரு காரணம்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருக்க, பெரியவர் நடந்ததைச் சொன்னார். சொல்வதில் அவருக்கு நிகர் அவர்தான். விளக்கு எரிந்தது, வக்கீல் குருடன் மாதிரி தடவியது, செயலாளர் முடி வெட்டுற கடை என்றது எல்லாம் கையை ஆட்டி ஆட்டி வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் சின்னவனைக் கையால் காட்டினார்.

"இவன் காலையிலயே படிச்சுப் படிச்சுச் சொன்னான், அண்ணே வேணாம்னு. எனக்கு எங்க காது கேக்குது? நான்தான் கேக்கல. அதான் அவங்க இவன் தங்கம்னு புடிச்சுக்கிட்டாங்க."

எல்லோரும் சின்னவனைப் பார்த்தார்கள். பெரியவர் பார்க்கவில்லை. அவர் தட்டில் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், விரலிடுக்கில் கறுப்பு போகாமல் அப்படியே இருந்த கையால். அது தாராளமா, இல்லை ஆயுசுக்கும் இவன் தொண்டையில் நிற்கட்டும் என்று வைத்த முள்ளா என்று சின்னவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். இந்த மனிதரிடம் எதுவும் ஒன்றாக இருந்ததில்லை.

அவன் மனைவி அவனைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான புதிதில்தான் கடைசியாகப் பார்த்தது. கண்ணெல்லாம் பெருமை. எழுந்து வந்து அவன் தட்டில் குழைந்த சோறாகப் பார்த்து இன்னொரு கை வைத்தாள், பல் வலிக்காமல் விழுங்க. நீங்க சொன்னீங்களா, சொல்லவே இல்லையே என்கிட்ட என்றாள்.

இல்லை, நான் சொல்லவில்லை என்று சொல்ல ஐந்து விநாடி போதும். சின்னவனுக்கு அந்த ஐந்து விநாடியும் கிடைத்தது. எல்லோரும் வாய் மூடி அவன் பேசக் காத்திருந்தார்கள், பிள்ளைகள் உட்பட.

"சொன்னேன்," என்றான். "கேக்கல."

பெரியவர் தலை நிமிராமல் அடுத்த கவளத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சின்னவனும் ஒரு கவளம் எடுத்தான். வாயில் வைத்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினான்.